டைம் டேபிள்ல இல்லாத பீரியட்!

'டைம் இல்ல மச்சி!'

காலேஜ் கேம்பஸில் ஒரு நாளைக்கு அதிகமாக உச்சரிக்கப்படும் மந்திரம் இதுதான். அசைன்மென்ட் ஏன் வைக்கல? டைம் இல்ல. லைப்ரரி புக்கை ஏன் திருப்பிக் கொடுக்கல? டைம் இல்ல. 'தினமும் கொஞ்ச நேரம் எக்ஸர்சைஸ் பண்ணலாமே'ன்னு யாராச்சும் சொல்லிட்டா போதும்... நம்ம ஆளுங்க பார்க்கிற பார்வை இருக்கே, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்ட மாதிரியே இருக்கும்!

சும்மா சொல்லக் கூடாது, நிஜமாவே டைம் இல்லதான். என் கதையையே எடுத்துக்கங்க. பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. இயற்பியல், ஃபைனல் இயர். காலையில் எட்டரைக்கு வீட்டை விட்டு இறங்கினால், லேப் முடிஞ்சு திரும்ப நாலரை. அஞ்சரையிலிருந்து ஏழரை வரைக்கும் தெருப் பிள்ளைங்க பதினோரு பேருக்கு டியூஷன். அப்புறம் ரெக்கார்டு நோட்டு, இன்டர்னல் டெஸ்ட், அம்மாவுக்குச் சமையலில் ஒத்தாசை. போதாக்குறைக்கு 'என்னையும் கொஞ்சம் கவனி'ன்னு மொபைல் வேற சிணுங்கிக்கிட்டே இருக்கும்.

இத்தனைக்கும் நடுவில், நானும் எங்க அப்பாவும் பதினாலு மாசமா ஒரு வேலையை விடாமல் செஞ்சுக்கிட்டு வர்றோம். தினமும் நடக்குறோம். வாரத்தில் ரெண்டு நாள் தோப்புக்கரணம் போடுறோம். எங்க ரெண்டு பேர் டைம் டேபிள்லயும் இதுக்குன்னு ஒரு பீரியட் கிடையாது. ஆனாலும் நடக்குது. எப்படின்னு கேட்கறீங்களா?

பார்டர்ல நிக்கிற டிரைவர்!

அப்பா பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். திருநெல்வேலி ஜங்ஷன்ல எந்த இடத்தில் எந்த ஆட்டோ குறுக்கே வரும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வார். போன வருஷம் தலை சுத்துதுன்னு டாக்டர்கிட்ட போனார். ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. மூணு மாச சர்க்கரை சராசரியைச் சொல்லுமே 'ஹெச்.பி.ஏ.1.சி.' டெஸ்ட், அதில் 6.2.

5.7 முதல் 6.4 வரைக்கும் இருந்தால் பார்டர். 6.5 ஆயிட்டா சுகர். டாக்டர் மாத்திரை எழுதல. "அரிசியைக் குறைங்க, டீக்குச் சர்க்கரையை நிறுத்துங்க, தினமும் அரை மணி நேரம் நடங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க" அப்படின்னார்.

வீட்டுக்கு வந்த அப்பா ரொம்ப கேஷுவலா சொன்னார்: "தினமும் இருநூறு கிலோமீட்டர் ஓடுதேன். இதுல இன்னும் நடக்க வேற செய்யணுமாம்!"

அம்மா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. டிரைவருக்குக் கண்ணும் காலும்தான் மூலதனம். சுகர் கட்டுப்பாடு இல்லாமல் போனால் கை வைக்கிற இடங்களில் கண்ணும் உண்டு, கால் நரம்பும் உண்டு. அப்பாவோட கண்ணு மங்கினா எங்க வீட்டில் அடுப்பு மங்கும். என் எம்.எஸ்ஸி., தம்பியோட பிளஸ் டூ... எல்லாம் அந்த ஒரு ஸ்டியரிங்கைப் பிடிச்சுத்தான் தொங்கிக்கிட்டு இருக்கு.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லைங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று அது சொன்னது. பார்டரில் நிற்பவர்கள் அதைவிட அதிகம்! உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கட்டாயம் ஒருத்தர் இருப்பார்.

லண்டன் கண்டக்டரும் எங்க கண்டக்டர் மாமாவும்

அப்பாவை நடக்க வைக்கணும். ஆனா 'நடங்கப்பா'ன்னு சொன்னா கேட்கிற ஆள் இல்லை அவர். அவர் பாஷையில் பேசணுமே! தேடினேன். சிக்கியது ஒரு பஸ் கதை.

லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாரடைப்பு ஏன் இப்படிக் கூடிக்கொண்டே போகிறது என்று ஆராய்ந்தார். அவர் கண்ணில் பட்டது லண்டனின் டபுள் டெக்கர் பஸ். ஒரே பஸ், ஒரே ரூட், ஏறக்குறைய ஒரே மாதிரி குடும்பப் பின்னணி. ஆனால் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டரோ மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார், ஒரு நாளைக்கு ஐந்நூறு படிகளுக்கு மேல்! 1953-ல் அவருடைய முடிவுகள் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தன. டிரைவர்களைவிட கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் உடனே உயிர் போவது குறைவு.

மாரிஸ் அத்தோடு விடவில்லை. 'ஒருவேளை குண்டாக இருப்பவர்கள்தான் டிரைவர் வேலைக்கு வருகிறார்களோ?' என்று தன் முடிவின் மேலேயே சந்தேகப்பட்டு, யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பளவு கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது! ஆனால் தபால்காரர்களை ஆபீஸ் குமாஸ்தாக்களோடு ஒப்பிட்டபோதும் கதை அதேதான். நடந்தும் சைக்கிள் மிதித்தும் தபால் கொடுத்தவர்களுக்கே மாரடைப்பு குறைவு. அந்த மாரிஸ் 2009-ல் காலமானபோது அவருக்கு வயது 99!

இந்தக் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவோட கண்டக்டர் எங்க வீட்டுக்கு வந்திருந்தப்போ சொன்னேன். அப்பாவோட பத்து வருஷமா ஒரே வண்டியில் ஓடுறவர். எனக்கு மாமா முறை. கேட்டதும் மாமாவுக்கு ஒரே குஷி!

"அண்ணாச்சி, கேட்டேளா? நான் நூறு வயசு இருப்பேனாம். நீங்க உக்காந்துக்கிட்டே இருங்க!"

அப்பா முறைச்சார். "நான் கிளட்ச் மிதிக்கது எக்ஸர்சைஸ் இல்லாம வேற என்னவாம்?"

"அப்பம் சுகர் எப்படி அண்ணாச்சி பார்டருக்கு வந்துச்சு? ரூட் மாறி வந்துட்டோ?"

வீடே சிரிச்சது. அப்பாவும் சிரிச்சுட்டார். ஆனா அன்னிக்கு ராத்திரி என்னைக் கூப்பிட்டு மெதுவாக் கேட்டார்: "யம்மா, நடந்தா நெசமாவே இது கொறையுமா?"

அதுக்கும் பதில் வச்சிருந்தேன். அதுவும் நம்ம சென்னையில இருந்து! டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் அப்பாவைப் போலவே சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். சாப்பாட்டைச் சீர்படுத்தி, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொல்லி, தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் அது 39 மட்டுமே.

'முழுசா தடுத்துடலாம்'னு நான் பொய் சொல்லல. "நூறு பேர்ல பதினாறு பேர் தப்பிச்சிருக்காங்கப்பா. அந்தப் பதினாறில் நீங்க ஒருத்தரா இருக்கணும்" அப்படின்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "சரி, நீயும் வந்தா வாரேன்" அப்படின்னார்.

நான் ரெடி. ஆனா எப்போ?

கடிகாரத்தோட கட்டாதீங்க!

அங்கேதான் சிக்கல். அப்பாவுக்கு ஒரு வாரம் காலை டூட்டி. விடியற்காலை மூணரைக்கே கிளம்பணும். அடுத்த வாரம் மதிய டூட்டி. வீடு திரும்ப ராத்திரி பத்தரை ஆயிடும். நடுநடுவே நைட் ஹால்ட் வேற, வண்டியைக் கிராமத்திலேயே போட்டுத் தூங்கணும். 'தினமும் காலை 5 மணிக்கு வாக்கிங்' என்ற அறிவுரையெல்லாம் இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

யோசிச்சுப் பார்த்தேன். அப்பா எத்தனை மணிக்கு வந்தாலும், எந்த டூட்டி பார்த்தாலும் மாறாத ஒரு விஷயம் உண்டு. சாப்பிடுவார்! சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். இது ஆச்சி காலத்துப் பழக்கம்.

அதையே பிடிச்சுக்கிட்டோம். தட்டைக் கழுவி வச்சதும் செருப்பைப் போடணும். அவ்வளவுதான் ரூல். மணி ரெண்டா இருக்கட்டும், ஒன்பதா இருக்கட்டும்... தட்டு, செருப்பு, தெரு. டி.வி. ரிமோட் பக்கம் கை போகவே கூடாது.

சாப்பிட்ட பிறகு நடப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வேலை செய்யும் தசை, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எரிபொருளாக இழுத்துக்கொள்ளும். இன்சுலின் முழு வீச்சில் ஒத்துழைக்காதவர்களின் உடம்பிலும் இந்த வேலை நடக்கும். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுகிற நேரம் பார்த்து நடந்தால், அந்த ஏற்றம் கொஞ்சம் மட்டுப்படும். மலையேறுகிற மாதிரி வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு பேச முடியணும், ஆனா பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

நைட் ஹால்ட் நாளில்? அங்கே மாமா இருக்கார்ல! ஊர்க் கடையில் சாப்பிட்டு முடிச்சதும், "அண்ணாச்சி, கை கழுவியாச்சா... எந்திரிங்க"ன்னு விசில் ஊதாத குறையா கிளப்பிடுவார். பஸ் நிக்கிற இடத்தில் இருந்து ஊர்க் கோயில் வரைக்கும் போயிட்டுத் திரும்புவாங்க. 'ரெண்டு சிங்கிள் அடிச்சாச்சு மருமகளே'ன்னு எனக்கு மெசேஜ் வரும்.

இதைத்தான் நான் உங்களுக்கும் சொல்ல வர்றேன். நமக்கு வேலை ஜாஸ்தி, சரி. நேரமும் நம்ம கையில் இல்லை. திடீர்னு ஸ்பெஷல் கிளாஸ் வைப்பாங்க, பஸ் லேட்டாகும், லேப்ல ரீடிங் வராது. கடிகாரத்தோட கட்டின பழக்கம் இதில் ஒண்ணு தவறினாலும் அறுந்துபோகும். அதனால், தினமும் கட்டாயம் நடக்கிற ஏதாவது ஒரு காரியத்தோட கட்டிப்போடுங்க. பல் தேய்ச்சதும், பஸ்ஸை விட்டு இறங்கினதும், பேக்கைக் கழற்றி வச்சதும், சாப்பிட்ட தட்டைக் கழுவினதும்... இதில் எது உங்க வாழ்க்கையில் ஒரு நாளும் தப்பாதோ, அதுதான் உங்க ஆணி. அதுல மாட்டுங்க சட்டையை!

21 நாள்... அப்படியா?

எங்க கிளாஸ் தோழி ஒருத்தி இருக்கா. ஜனவரி ஒண்ணாம் தேதி ஜிம்ல சேர்ந்தா. டிராக் பேன்ட், ஷூ, தண்ணி பாட்டில்... செலவு நாலாயிரம். '21 நாள் செஞ்சா எந்தப் பழக்கமும் தன்னால ஒட்டிக்கும்'னு ரீல்ஸ்ல பார்த்தாளாம். இருபத்தோரு நாளும் ஒழுங்காப் போனா. இருபத்திரண்டாவது நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க மனசே வரல. "எனக்கு மட்டும் ஏன் ஒட்டல? எனக்கு வில்பவரே இல்லடி"ன்னு புலம்பினா. அந்தப் புலம்பல் முடியவே இல்ல.

பாவம், தப்பு அவ மேல இல்லை. அந்தக் கணக்கே வேற! மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் ஒரு புத்தகம் எழுதினார். தன்னிடம் சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழக எப்படியும் 21 நாளாவது ஆகிறது என்று அதில் குறிப்பிட்டார். 'குறைந்தது 21 நாள்' என்பது வாய்மாறி, ஊர்மாறி, '21 நாள் போதும்' என்று ஆகிவிட்டது. மூக்குக்குச் சொன்னதை முட்டிக்குச் சொல்லிட்டாங்க!

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவும் 96 பேரை வைத்து இதை நிஜமாகவே அளந்து பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து, 'காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு' என்பது போல ஏதாவது ஒரு தினசரிக் காரியத்தோடு சேர்த்துச் செய்தார்கள். யோசிக்காமலே கை கால் அதைச் செய்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது மாதிரி சுலபமான பழக்கம் சீக்கிரம் ஒட்டியது. உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது.

எனக்கு அதில் ரொம்பப் பிடிச்ச செய்தி வேற. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் அந்தப் பழக்கம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஒரு நாள் போனால் போகட்டும், அடுத்த நாள் பிடிச்சுக்கலாம்!

இதைக் கேட்டதும் தோழி நிமிர்ந்து உட்கார்ந்தா. இப்போ அவ ஜிம்முக்குப் போறதில்லை. ஹாஸ்டல் மெஸ்ல ராத்திரி சாப்பிட்டதும் பிளாக்கைச் சுத்தி நடக்குறா. கூடவே ரூம்மேட்ஸ் நாலு பேர். ஹாஸ்டல் மேட்டர் மொத்தமும் அந்த நடையிலதான் அலசப்படுது!

மளிகைக் கடை காலண்டரும் பத்து நிமிஷமும்

எங்க வீட்டு அடுப்படிச் சுவரில் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குது. பால் கணக்கு, கேஸ் வந்த தேதி எல்லாம் அதில்தான். அந்தத் தேதிக் கட்டத்திலேயே அப்பா நடந்த நாளுக்குச் சிவப்பு வட்டம், நான் நடந்த நாளுக்கு நீல வட்டம். அப்பா தன் வட்டத்தை அவரே போடுவார். வேற யாரும் போட்டா ஒத்துக்க மாட்டார். ட்ரிப் ஷீட்டை இன்னொருத்தர் எழுத விடுவாரா டிரைவர்?

வட்டம் போடக் குறைந்தபட்சத் தகுதி, பத்து நிமிஷம். அரை மணி நேரம் நடந்தாலும் ஒரு வட்டம்தான், பத்து நிமிஷம் நடந்தாலும் ஒரு வட்டம்தான். ஏன்னா, அலுத்துப்போய் வந்த ஒரு ராத்திரியில் அரை மணி நேரம்னு சொன்னா மனசு பேரம் பேசும். பத்து நிமிஷம்னா, பேரம் பேசுற நேரத்துக்கு நடந்து முடிச்சுடலாம். முக்கால்வாசி நாள், பத்து நிமிஷம் கழிச்சு நானே "திரும்பலாமாப்பா?"ன்னு கேட்டா, "சமாதானபுரம் முக்கு வரைக்கும் போயிட்டு வந்திருவோம்" என்பார் அப்பா.

'பத்து நிமிஷமெல்லாம் ஒரு எக்ஸர்சைஸா?'ன்னு கேட்காதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தன்னுடைய வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு; வேகமான ஓட்டம் மாதிரி என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும். 'ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு' என்று முன்பு இருந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். எத்தனை நிமிடமானாலும் கணக்கில் சேரும்.

ஒரு வாரத்துக்கு 10,080 நிமிஷம். அதில் 150 என்பது ஒன்றரை சதவிகிதம்கூட வராது. இன்டர்னல் மார்க்ல ஒன்றரை சதவிகிதத்துக்கு நாம போடுற சண்டைக்கு, இதைச் செய்ய மாட்டோமா என்ன?

எங்க காலண்டரில் வட்டம் இல்லாத நாளும் உண்டு. எண்ணிப் பார்த்தேன், பதினாலு மாசத்தில் அப்பாவுக்கு நாற்பத்தி மூணு. காய்ச்சல் வந்த வாரம், ஆச்சி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள், ஐப்பசி அடைமழையில் தெருவே குளமான ராத்திரிகள். காய்ச்சல்ல உடம்பைப் படுத்தக் கூடாது, ரெஸ்ட்தான் மருந்து. ஆனா காரணம் தீர்ந்த மறுநாளே வட்டம் திரும்ப வந்திருக்கும். 'ஒரு நாள் விடலாம், காரணம் இல்லாமல் ரெண்டாவது நாள் விடக் கூடாது.' காலண்டருக்குக் கீழே அப்பா கையெழுத்தில் இருக்கிற ஒரே வாசகம் இதுதான்.

பொண்ணுங்களுக்கு ஒரு வார்த்தை

'உனக்கென்ன, அப்பா துணைக்கு வர்றார். ராத்திரி தனியா நடந்தா தெருநாயும் துரத்தும், தெருவில் நிக்கிறவனும் முறைப்பான்'னு எங்க கிளாஸ்ல ஒருத்தி சொன்னா. நியாயம்தான். பையன்களுக்கு மைதானம் இருக்கு; நமக்கு வழியில் நாலு கேள்வி இருக்கு.

அப்பா வெளியூர் ஹால்ட் போகிற நாளில் நான் மொட்டை மாடிக்குப் போயிடுவேன். ரெண்டு தண்ணித் தொட்டியைச் சுத்தி எட்டு போட்டு நடப்பேன். காலேஜ் விட்டு வரும்போது ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, வெளிச்சத்திலேயே கூட்டத்தோட கூட்டமா நடந்து வர்றதும் உண்டு. மூணாவது மாடி லேப்புக்குப் படியேறிப் போறதும் கணக்குதான். சுடிதார் போதும், தனி டிரெஸ் தேவையில்லை.

பலத்துக்கான பயிற்சிக்கு ஜிம் இல்லையேன்னு கவலை வேண்டாம். பிள்ளையார் கத்துக்கொடுத்த தோப்புக்கரணம் இருக்கே! ஜிம்ல அதை 'ஸ்குவாட்'னு சொல்லிக் காசு வாங்குவாங்க. சுவரில் கையை ஊன்றிச் செய்யும் தண்டால், படியில் குதிகால் தூக்கி இறக்குவது... வாரத்தில் ரெண்டு நாள், பதினைஞ்சு நிமிஷம். முதல் நாள் அப்பா எட்டு தோப்புக்கரணத்தில் மூச்சு வாங்கினார். இப்போ இருபது. "ஸ்கூல்ல வாத்தியார் போடச் சொன்னப்பல்லாம் ஒழுங்காப் போட்டிருந்தா இன்னைக்கு இந்த நெலம இல்ல"ன்னு சிரிக்கிறார். உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு நெஞ்சு வலி, மூட்டு வலின்னு ஏதாவது இருந்தால், டாக்டரைக் கேட்டுக்கிட்டு ஆரம்பிங்க.

இருபது வயசுக்கு என்ன அவசரம்?

'இதெல்லாம் அப்பாவுக்குச் சரி. நமக்கு வயசு இருபதுதானே?' இந்தக் கேள்வி வரும்னு தெரியும். இதுக்கு பதில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் இருக்கு.

1966-ல் அங்கே ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருக்கும் இருபது வயது, நம்ம செட்! மூன்று வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது. நம்ம ஆளுங்களுக்கு சொர்க்கம்னு தோணும். மூன்று வாரம் கழித்து அவர்களுடைய உடம்பு உழைக்கும்போது ஆக்ஸிஜனை எவ்வளவு பயன்படுத்த முடிகிறது என்று அளந்தால், கால் பங்குக்கும் மேல் காணாமல் போயிருந்தது!

முப்பது வருடம் கழித்து, 1996-ல் அதே ஐந்து பேரையும் திரும்ப வரவழைத்தார்கள். எல்லாருக்கும் ஐம்பது. எடை கூடியிருந்தது. ஆனால் முப்பது வருட முதுமை அவர்களிடமிருந்து பறித்த திறன், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை பறித்ததைவிடக் குறைவு. அப்புறம் ஆறு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக நடை, ஓட்டம், சைக்கிள் என்று பயிற்சி கொடுத்தார்கள். முப்பது வருடத்தில் இழந்த அந்தத் திறன் திரும்ப வந்தது. ஐம்பது வயதில்!

இதை அப்பாகிட்ட சொன்னப்போ அவர் பிடிச்சுக்கிட்டது ரெண்டாவது பாதியை: "அப்பம் எனக்கு இன்னும் டைம் இருக்கு!" நீங்க பிடிச்சுக்க வேண்டியது முதல் பாதியை. இருபது வயசு ஒரு பாதுகாப்புக் கவசம் இல்லை. படுத்துக்கிட்டே இருந்தா, அந்த வயசிலும் உடம்பு கணக்குத் தீர்த்துடும்.

ரிப்போர்ட் கார்டு

ஆறாவது மாசம் அப்பாவோட அளவு 5.9. போன மாசம் 5.8. இன்னும் பார்டருக்குள்ளதான். 'தொடருங்க'ன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நடை மட்டுமே இதைச் செஞ்சதுன்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் ஒண்ணுன்னு ஒரு நாளைக்கு ஆறு டீ குடிச்சவர், இப்போ ரெண்டு, அதுவும் சர்க்கரை இல்லாமல். ராத்திரிச் சோத்தில் பாதி குறைஞ்சு காய்கறி கூடியிருக்கு. தட்டு மாறினதும் ஒரு காரணம், தட்டைக் கழுவினதும் நடந்ததும் ஒரு காரணம்.

எந்த லேப் ரிப்போர்ட்டிலும் வராத ஒண்ணும் நடந்திருக்கு. இருபது வருஷமா அப்பா எங்ககிட்ட பேசினது 'சாப்பிட்டியா, ஃபீஸ் எப்போ கட்டணும்' இவ்வளவுதான். டூட்டி முடிஞ்சு வந்தா தூக்கம்தான். இப்போ அந்த இருபது, முப்பது நிமிஷம் முழுக்க எனக்கே எனக்கு. வண்டியில் ஏறுன பயணிகள் கதை, தாமிரபரணியில் வெள்ளம் வந்தப்போ பாலத்தில் வண்டி ஓட்டின கதை, ஆசைப்பட்டும் பிளஸ் டூவுக்கு மேல படிக்க முடியாமப் போன கதை... எல்லாம் இந்தத் தெருவில் நடந்துதான் எனக்குத் தெரியும். எம்.எஸ்ஸி.க்கு வெளியூர் போகணும்னு நான் முதல்ல சொன்னதும் இந்த நடையில்தான். ரெண்டு தெரு தாண்டுற வரைக்கும் அவர் பதில் சொல்லல. மூணாவது தெருவில், "எங்க போனாலும் தட்டைக் கழுவுனதும் நடக்கணும். சம்மதம்னா போ" அப்படின்னார்!

அதனால ஃப்ரெண்ட்ஸ், ஷூ வாங்கின பிறகு ஆரம்பிக்கலாம், செமஸ்டர் முடியட்டும், அடுத்த திங்கட்கிழமை பார்க்கலாம்னு நாள் நட்சத்திரம் பார்க்காதீங்க. உங்க நாளில் தப்பாமல் நடக்கிற ஒரு காரியத்தைக் கண்டுபிடிங்க. அதோட பத்து நிமிஷத்தைக் கட்டுங்க. கூட வர ஒரு ஆளைப் பிடிங்க. அது ரூம்மேட்டா இருக்கலாம், தம்பியா இருக்கலாம், பார்டர்ல நிக்கிற உங்க அப்பாவாவோ அம்மாவாவோகூட இருக்கலாம். அப்புறம் காலண்டர்ல ஒரு வட்டம்.

இன்னிக்கு ராத்திரி சாப்பிடுவீங்கதானே? அப்போ டைம் இருக்கு!